பெட்டியை மாற்றத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவள்

டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்தவள் நான்தான். வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இரண்டு வாரம் சோதித்து, பதினான்கு அம்சங்களாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கடைசி வரி, 'மாற்றத் தேவையில்லை.' அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பிழைப்பு அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் மென்பொருள் சோதிக்கிறவள் நான். அடுத்தவர் கஷ்டப்பட்டுச் செய்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் புத்தி சாயங்காலம் ஆபீசிலேயே தங்கிவிடுமா என்ன? கூடவே ரயில் ஏறி ஆவடிக்கு வரும், அங்கிருந்து சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வரும். புது மிக்சி வந்தால் எத்தனை நிமிடத்தில் சூடாகிறது என்று பார்ப்பேன். "வந்த மாப்பிள்ளைங்களையும் இப்படித்தான பதினாலு கேள்வி கேட்டு வெரட்டுதா" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் மறுத்ததில்லை. அது உண்மைதானே.

பெட்டி விஷயத்தைக் கேட்டவன் என் தம்பி. என்னைவிட நான்கு வயது சின்னவன். பிறவியிலேயே காது கேட்காது. அவனும் அதே எஸ்டேட்டில்தான், ஒரு பட்டறையில் இரும்பு கடையும் கம்ப்யூட்டர் லேத் ஓட்டுகிறான். காலையில் ஒரே ரயிலில் போவோம். கூட்டத்தில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எங்களால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. எங்கள் பேச்சு முழுக்கக் கையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவன் கற்ற சைகை பாதி, வீட்டில் நாங்களாகச் செய்துகொண்டது பாதி.

பேசுவதைவிட நாங்கள் ஒன்றாக இருந்தது விளையாட்டில்தான். சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் இருவரும் சோபாவில் உட்கார்ந்துவிடுவோம். எங்கள் வீட்டில் அதற்கென்று பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அந்தக் கறுப்புப் பெட்டி உள்ளங்கை அளவுதான். இணையத்தில் இருந்து சினிமா இழுத்துக் காட்ட வாங்கினோம். ஆட்டம் எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கணினியில் ஓடும், அதன் படம் மட்டும் இணையம் வழியாக இந்தப் பெட்டிக்கு வந்து டிவியில் தெரியும். நாம் இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே ஓடுகிறவன் தாவுவான். அப்பாவுக்கு இதை மூன்று முறை விளக்கியும் அவர் நம்பவில்லை.

நாங்கள் ஆடியது இரண்டு பயணிகள் பனிமலையைக் கடந்து ஊர் திரும்பும் ஆட்டம். திரை நடுவில் கோடு விழுந்து இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு. ஒருவர் கயிற்றைப் பிடித்தால்தான் இன்னொருவர் இறங்க முடியும். அந்த நேரத்தில் மட்டும் நான் அவனுக்கு மற்றவர்கள் பேசியதை எடுத்துச் சொல்கிறவள் இல்லை, அவன் கேட்டுக்கொள்கிறவன் இல்லை. கயிற்றின் இரண்டு முனையில் இரண்டு பேர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவன் போனைத் திறந்து புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினான். பழைய பெட்டியைவிட நான்கு மடங்கு நுணுக்கமாகப் படம் காட்டும், ஃபோர் கே. டிவி ஏற்கெனவே அந்த அளவுக்குத் தாங்கும், பெட்டிதான் தாங்காது என்று கையால் சொன்னான். "வாங்கலாமா?" என்றான். எதையும் இரண்டாம் தரம் கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. நான் "சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவளா நான்?

ஆபீசில் ஒரு தோழியிடம் அதே புதுப் பெட்டி இருந்தது. கெஞ்சி வாங்கி வந்தேன். ஒரு வாரம் பழையது, ஒரு வாரம் புதியது. பட்டனை அழுத்தியதும் தாவ எவ்வளவு நேரம் ஆகிறது, படம் எத்தனை முறை உறைந்து நிற்கிறது, இருட்டுக் குகையில் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, சத்தம் உதட்டசைவோடு ஒத்துப் போகிறதா, எல்லாவற்றையும் குறித்தேன். தம்பி பட்டறையில் ஓவர்டைம் பார்த்த நாட்களில் நான் தனியாக, இரண்டு கன்ட்ரோலரையும் மாறி மாறி அழுத்திச் சோதித்தேன். புதுப் பெட்டியில் பனி கொஞ்சம் பளிச்சென்று இருந்தது உண்மை. அதற்குமேல் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பழையதிலும் ஒரு முறைகூட வழி தவறவில்லை, ஒரு கட்டத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை. அறிக்கை எழுதினேன்.

"இருக்கத வச்சி ஆடுங்க. நல்லாத்தான தெரியுது, பொறவு என்னத்துக்கு?" என்று அப்பா வழிமொழிந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு சேக்காட்டில் வீடு கட்டியவர். ஓடுகிற எதையும் மாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. தம்பி அறிக்கையைப் படித்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் தோழியிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பட்டறையில் வேலை இருக்கிறது என்றான். அதற்கடுத்த சனிக்கிழமை தலைவலி. மூன்றாவது வாரம் வீட்டிலேயே இருந்தான், ஆனால் மொட்டை மாடியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு கன்ட்ரோலரையும் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருக்கும் பொறுமை எனக்குக் கால் மணி நேரம்தான். பிறகு கோபம் வரும்.

மாடிக்குப் போய் அவன் முன்னால் நின்றேன். "பெட்டி வாங்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியா? சின்னப் பிள்ளையா நீ?" என்று கையை வீசிக் கேட்டேன். கோபத்தில் என் சைகை பெரிதாகிவிடும். எதிர் வீட்டுக்காரர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இல்லை. நீயே ஆடு. எனக்குப் போதும்" என்றான். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுச் சரிசெய்துவிடலாம். இவன் நிஜமாகவே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான் என்று தெரிந்தது. இந்தச் சனிக்கிழமையும் போனால் எங்களுக்குள் மிச்சம் இருப்பது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ரயில் பயணம் மட்டும்தான். விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"காரணத்தைச் சொல்லு. சொல்லாம இங்கேர்ந்து போகமாட்டேன்" என்று அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெயிலில் தளம் சுட்டது. நானா எழுவேன்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே எழுந்து என் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தான்.

டிவியைப் போட்டான். ஆட்டத்தைத் திறந்தான். நாங்கள் இன்னும் எட்டாத ஒரு புதுக் கட்டம். ஒரு கன்ட்ரோலரை என் கையில் திணித்து, இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க மூடினான். "இப்ப ஆடு" என்றான்.

ஆடினேன். எப்போதும்போல ஒரு கிழவனும் ஒரு பெண்ணும் என்னோடு நடந்து வந்தார்கள். வாய் அசைந்தது. எந்தப் பாலத்தில் ஏற வேண்டும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்வார்கள். அதுவரைக்கும் நான் காதால் கேட்டுக்கொண்டே போய்விடுவேன். இப்போது திரையின் அடியில் ஓடும் எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அங்கே எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பாதித் திரைக்குள் அடங்க வேண்டும் என்று பொடியாக்கியிருந்தார்கள். பின்னால் வெள்ளைப் பனி, முன்னால் வெள்ளை எழுத்து. ஆள் ஓடினால் படம் கலைந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கழுத்தை நீட்டினேன். சோபாவில் இருந்து இறங்கி டிவிக்கு முன்னால் மண்டியிட்டேன். அதற்குள் வரி போய்விட்டது. தப்பான பாலத்தில் ஏறி விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவையும் விழுந்தேன்.

திரும்பி, "என்ன சொல்றாங்க, எந்தப் பாலம்?" என்று அவனைக் கேட்டேன். அவசரத்தில் அவனைக் கேட்டேன், பாருங்கள்.

அவன் உள்ளங்கையை முன்னால் நீட்டி மெல்ல அசைத்தான். எங்கள் வீட்டுச் சைகை அது. 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம். அந்தச் சைகையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சொல்லிக் கொடுத்தது என்ன, அவன் பிறந்ததில் இருந்து அதைத்தானே காட்டிக்கொண்டிருக்கிறேன். விருந்தாளி வந்தால், டிவியில் செய்தி ஓடினால், கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்தால், அவன் என்ன என்று கேட்பான், நான் கையை அசைப்பேன். அப்புறம் என்பது வருவதே இல்லை. சர்ச்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தைச் சைகையில் சொல்வது என் பொறுப்பு. போதகர் ஐயர் முக்கால் மணி நேரம் பேசுவதை நான் பத்துச் சைகையில் முடித்துவிட்டு, சுருக்கமாகச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

அழுகை வந்தது. மறைக்கவில்லை. "இத்தனை நாள் எப்படி ஆடின?" என்று கேட்டேன்.

"உன் ஆள் எங்க போறானோ அங்க போவேன்" என்றான்.

நினைத்துப் பார்த்தால் ஆமாம். அவன் பாதித் திரையில் எப்போதும் என் ஆளின் முதுகுதான் தெரியும். அக்கா என்ற மரியாதையில் பின்னால் வருகிறான் என்று நினைத்தேன். ஆட்டத்தை நிறுத்திப் பேசலாம் என்றால், இரண்டு கையிலும் கன்ட்ரோலர். நிறுத்தினால் எனக்குச் சலிப்பு. அதனால் அவன் என்ன என்று கேட்பதையும் விட்டுவிட்டான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பதினான்கு அம்சம் சோதித்தேனே, காதை மூடிக்கொண்டு ஒரு அம்சம் சோதித்தேனா? சத்தம் உதட்டசைவோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தவள், சத்தமே இல்லாதவனுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை. ஆபீசில் ஒருவர் இப்படிச் சோதித்துக் கொடுத்திருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

குழுவில் இருந்த அறிக்கைக்குக் கீழே எழுதினேன். 'மேலே உள்ளது தவறு. சோதித்தவளுக்குக் காது கேட்கும். மறு சோதனை நடக்கிறது.'

இந்தத் தடவை சத்தத்தை மூடிவிட்டு, சோபாவில் இருந்து அசையாமல், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தேன். முதலில் ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போனேன். எழுத்தைப் பெரிதாக்க ஒரு வசதியும், எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட ஒரு வசதியும் முதல் நாளில் இருந்தே அங்கே இருந்தன. தேவைப்படாததால் நான் திறந்ததில்லை. அவன், அக்காதான் எல்லாம் பார்க்கிறாளே என்று என்னிடம் விட்டிருந்தான். அதைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆக, குற்றத்தில் பாதி பெட்டி மேல் இல்லை, என் மேல்.

மீதிப் பாதி பெட்டிதான். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதித் திரைக்குள் வரி அடங்காமல் கடைசி வார்த்தை வெட்டுப்பட்டது. சின்னதாக வைத்தால் ஆள் நிற்கும்போது படிக்க முடிந்தது, ஓடும்போது மறுபடி மாவாகிவிட்டது. தோழியின் பெட்டியை இன்னொரு தடவை கெஞ்சி வாங்கி வந்து அதே காட்சியைப் போட்டேன். அதே சின்ன எழுத்து, கறுப்புப் பட்டை மேல் அச்சடித்த மாதிரி நின்றது. தம்பி ஒரு வரி விடாமல் கையால் வாசித்துக் காட்டினான். இடையிடையே படம் சட்டென்று மங்கியதுதான் குறை. அதற்கும் வழி பார்த்தாக வேண்டும்.

இணைய இணைப்புக்காரரை வரவழைத்தேன். மூன்று நாள் 'வந்துகினே கீறேன்க்கா' என்று போனில் சொல்லிவிட்டு நான்காவது நாள் வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டி சோக்கா கீதுக்கா. லைன்தான் பழ்சு. இவ்ளோ பெரிய படம் வர்றதுக்கு இது தாங்காது. கம்பத்துலேர்ந்து ஊடு வரிக்கும் புச்சா கேபிள் இஸ்த்தாதான் ஆவும். செவுத்துல ஒரு ஓட்ட போட்ணும். பெர்சு ஒத்துப்பாரா?"

பெரிசு என்றது அப்பாவை. ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவரில் காலண்டர் ஆணி அடிக்கக்கூட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். "வெளையாடுததுக்குச் செவுத்த ஒடைக்கணுமாக்கும்? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். செய்தி விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மூடினேன்.

"ஏட்டி, போடு அத. முக்கியமானதச் சொல்லுதான்."

"அப்புறம் சொல்றேன்பா" என்றேன்.

"அப்புறம்னா எப்ப? இப்பப் போடு."

நான் போடவில்லை. ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், டிவியில் வாய் திறந்து திறந்து மூடும் நான்கு பேரைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த தம்பியைக் கடைசியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"ஓட்ட எங்க போடணுமாம்?" என்று அப்பா கேட்டார்.

ஓட்டையைப் போட்டவன் தம்பி. இணைப்புக்காரர் டிரில்லை எடுத்ததும் வாங்கிக்கொண்டான். பட்டறையில் தலைமுடி கனத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன், சுவரையும் அப்படித்தான் அளந்தான். பூச்சு ஒரு இடத்திலும் பெயரவில்லை. "அண்ணாத்தே, எங்க கூட வேலைக்கு வந்துடுங்கோ" என்று இணைப்புக்காரர் வாயை நன்றாக அசைத்துச் சொன்னார். தம்பிக்குப் புரிந்தது, சிரித்தான்.

புதுப் பெட்டியைப் பொருத்திய சனிக்கிழமை, சத்தத்தை நானே மூடினேன். இனி எங்கள் ஆட்டத்துக்குச் சத்தம் கிடையாது என்பது என் முடிவு. அவனுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம், அப்போதுதான் எங்கே குறை என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தம்பி முன்னால் போனான். எந்தப் பாலம் என்று அவனே படித்து ஏறினான், என் ஆள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினான். நான் இரண்டு முறை தவறினேன். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மலையுச்சிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஆபத்து எதுவும் இல்லை, சும்மா நடக்க வேண்டியதுதான். அந்தக் கிழவனும் பெண்ணும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆட்டத்துக்கு அவசியமே இல்லாத பேச்சு. கிழவன் தன் செருப்பைப் பற்றிக் குறை சொன்னான், அவள் அவன் சமையலைக் கிண்டல் செய்தாள், அவன் செத்துப்போன தன் நாயைப் பற்றிச் சொன்னான். தம்பி நின்றுவிட்டான். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இவங்க எப்பவுமே இப்படிப் பேசிக்கிட்டுத்தான் வருவாங்களா?"

"ஆமா" என்றேன்.

"நடக்கும்போதெல்லாமா?"

"ஆமா."

"முதல் நாள்லேர்ந்தா?"

தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு வருடமாக அந்த இரண்டு பேரோடும் நடந்திருக்கிறோம். அவர்கள் வழி காட்டுகிறவர்கள், அவ்வளவுதான் என்று அவனுக்கு நான் சொல்லியிருந்தேன். நாயைப் பற்றியோ செருப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது.

அவன் கத்தவில்லை. கன்ட்ரோலரை எடுத்து ஆட்டத்தில் இருந்து வெளியே வந்தான். முதல் பக்கத்துக்குப் போனான். சேமித்து வைத்த ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று திரை கேட்டது. இரண்டு வருடச் சனிக்கிழமைகள், ஏழு மலை, ஒரு உறைந்த ஏரி. அதில் பாதியை நான் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜெயித்திருக்கிறேன். ஐயோ என்று என் வாய் தானாகச் சொன்னது, அது அவனுக்குக் கேட்காது.

சரி என்று அழுத்தினான். வெள்ளைப் பனியில் அந்தக் கிழவனும் பெண்ணும் ஒரு குடிசைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. தம்பி முன்னால் சாய்ந்து, அவள் சொன்ன முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தான்.